மூடுகல்

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வீடு கட்டியபோது ஆசாரி வைத்த தாழ்ப்பாளை அம்மா மறுநாளே கழற்றிவிட்டாள். யாராவது உள்ளே இருந்தால் கதவின் மேல் ஒரு துண்டு தொங்கும். அதைப் பார்த்து மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வரும் விருந்தாளிகளுக்கு இதை விளக்குவது என் வேலை.

அம்மா செய்யாத காரியங்களை நான் சிறுவயதிலிருந்தே மனதுக்குள் வரிசையாக வைத்திருந்தேன். லிஃப்டில் ஏறமாட்டாள். பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பேருந்துக்கு நிற்பாள். மார்கழிக் குளிரிலும் போர்வை கழுத்துக்கு மேல் வராது. என் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரும்போது ஹெல்மெட் மடியில் இருக்கும். போலீஸ் நிற்கும் இடம் வந்தால் அதைக் குடை பிடிப்பது போலத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள். உடம்பு கெட்டபின் தருமபுரியில் ஒருமுறை ஸ்கேன் எடுக்கப் போனோம். குழாய் மாதிரியான அந்த மெஷினுக்குள் பலகை பாதி நகர்வதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "வேற எதுல பாக்க முடியுமோ அதுல பாருங்க" என்றாள், கடையில் வேறு நிறப் புடவை கேட்பது போல. டெக்னீஷியன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இதற்கான காரணம் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பொங்கலுக்குப் பொங்கல் அதைச் சொல்லிச் சிரிப்பார். அதனால்தான் அது காரணம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா பிறந்த ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம், சித்தேரி மலையின் அடியில். ஊருக்கு மேற்கே ஒரு கல்லாங்காடு. அங்கே குண்டுக்கற்களை வட்டமாகப் பதித்த மேடுகள் நிறைய இருக்கின்றன. சில மேடுகளின் நடுவே, மண் கரைந்து, பலகைக் கற்களால் ஆன அறை வெளியே தெரியும். ஊர்க்காரர்கள் அவற்றைப் பாண்டவர் வூடு என்பார்கள். உள்ளே இருந்தது வீடு அல்ல, இரும்புக் காலத்துச் சாவு என்பதைப் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போனபிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

மாமா சொல்லும் கதை இது.

"ரெண்டு பேரும் ஆடு மேய்ச்சிட்டு இருக்கறம். ஒரு குட்டி பாண்டவர் வூட்டு ஓட்டையில பூந்துடுச்சு. ஓட்டை இத்தனூண்டு. நான் போனா மாட்டிக்குவேன். இவ எலியாட்டம் இருப்பா, சர்ருனு உள்ள போயிட்டா. சும்மா வெளையாட்டுக்கு, பக்கத்துல கெடந்த பலகைக்கல்லப் பொரட்டி ஓட்டையில சாச்சு வெச்சேன். திரும்பிப் பாத்தா என் ஆடுங்க பூராவும் அடுத்தவங்க கடலைக்காட்டுல. காட்டுக்காரரு என்னையப் புடிச்சு வேப்பமரத்துல கட்டிப் போட்டுட்டாரு. எங்கப்பன் வந்து அவுத்துவுட்டப்பறந்தான் இவ நெனப்பே வருது. ஓடிப்போய்க் கல்ல நகத்தறேன், குட்டிய மடியில வெச்சிக்கிட்டு மகாராணியாட்டம் உக்காந்திருக்கா. அழுவலையே. ஒரு சொட்டு இல்ல. நானா இருந்தா டவுசர்லயே போயிருப்பேன்."

எல்லோரும் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் தண்ணீர் எடுக்கிறேன் என்று பின்பக்கம் போய்விடுவாள். குடத்தில் தண்ணீர் இருக்கும்போதும் போவாள்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். சர்வே, கணினியில் வரையும் கேட் டிராயிங் இரண்டும் கைவந்த வேலை. ஒரு கல்லூரிக் குழு அந்தக் கல்லாங்காட்டின் ஈமச்சின்னங்களை அளந்து வரைபடம் ஆக்க ஆள் தேடியபோது, அந்த ஊர்ப்பெண்ணின் மகள் என்ற தகுதியும் சேர்ந்து எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஒவ்வொரு கல்வட்டத்துக்கும் ஓர் எண், விட்டம், கற்களின் எண்ணிக்கை, அறை இருந்தால் அதன் தளப்படம், குறுக்குவெட்டு. எனக்குப் பிடித்த வகை வேலை. கல் தன் இடத்தை மாற்றிச் சொல்லாது.

அந்த அறைகளைக் கட்டியவர்களுக்குக் கட்டுமானம் தெரியும். நான்கு பலகைக் கற்களை நேருக்கு நேர் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததைத் தாண்டிக் கொஞ்சம் நீளும்படி, சுற்றிவரச் சாய்த்துப் பூட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து மண் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்று இன்னொன்றைத் தாங்கும், உள்ளே விழாது. மேலே ஒரு மூடி. கிழக்குக் கல்லில் வட்டமாக ஒரு துளை. இடுதுளை என்று எங்கள் குறிப்பில் எழுதுவோம். துளைக்கு வெளியே அதை அடைக்க ஒரு தட்டைக்கல் சாய்த்திருக்கும். அது மூடுகல். யாராவது இறந்தால் மூடுகல்லை நகர்த்தி, உள்ளே வைக்க வேண்டியதை வைத்து, மறுபடி சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரே அறைக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்பு இருப்பது அப்படித்தான்.

ஒருநாள் அம்மா எனக்குச் சோறு கொண்டுவந்தாள். தன் பிறந்த வீட்டுக்கு வந்தவள், மதியம் வேலை நடக்கும் இடத்துக்கு நடந்தே வந்தாள். காட்டின் விளிம்பில் இருக்கும் வேப்பமரத்தோடு நின்றுவிட்டாள். நான்தான் அங்கே போனேன்.

"மாமா சொல்ற வூடு எதும்மா?" என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கும் சிரிப்புதான் வந்தது.

மேட்டுக்கு அந்தப்புறம் இருந்த அறையை முகவாயால் காட்டினாள். என் வரிசையில் அதற்கு இன்னும் எண் வரவில்லை.

"உள்ள என்னா இருந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்றாள்.

"பானை ஓடு. இரும்புத் துண்டு. எலும்பு கொஞ்சம்."

"முழு ஆளா வெச்சிருக்காங்களா?"

"இங்க அப்படித் தெரியலைங்கறாங்க. வெளியில எங்கேயோ தொறந்தவெளியில வெச்சிருந்து, அப்புறம் எலும்பை மட்டும் பொறுக்கி உள்ள வெச்சிருக்கலாமாம்."

அம்மா அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "வெவரமானவங்க" என்றாள்.

பிறகு தூக்குப் போசியின் மூடியைத் திறந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "உங்க மாமன் நான் அழுவலைன்னு சொல்லுவான்ல? அழுதா உள்ள இருக்கற காத்து தீந்துடும்னு நெனச்சேன். அதான் அழுவல. மூச்சையே கொஞ்சம் கொஞ்சமாத்தான் உட்டேன். குட்டிதான் கத்திக்கிட்டே இருந்துச்சு. அது கத்துனா காத்து சீக்கிரம் தீந்துடுமில்ல? வாயப் பொத்திப் புடிச்சிக்கிட்டேன்."

அவள் சோற்றின் மேல் குழம்பை ஊற்றினாள்.

"நான் போயிட்டா என்னையக் குழியில வெக்காதீங்க. எரிச்சுடுங்க."

"நம்ம பக்கம் எரிக்கறது இல்லையேம்மா."

"அதனாலதான் உங்கிட்டச் சொல்றேன். உங்கப்பாகிட்டச் சொன்னா சரிம்பாரு, அன்னிக்கு நாலு பேரு பேசுனா அதுக்கும் சரிம்பாரு. உன் தம்பிக்கு ஒண்ணும் வெளங்காது. நீதான் எதையும் விடாம செய்வ." கொஞ்சம் நிறுத்தி, "காரணம் எல்லாம் சொல்லிட்டு இருக்க வேணாம். மாமன் சங்கடப்படுவான்" என்றாள். "சாப்புடு, ஆறிப்போவுது."

அடுத்த வாரம் அந்த அறையின் உள்ளளவை எடுக்க நான்தான் இறங்கினேன். குழுவில் என் தோள்தான் இடுதுளைக்குள் போகும். டேப், எல்.ஈ.டி. விளக்கு, அளவு எழுதும் அட்டை. உள்ளே உட்காரலாம், ஆனால் நிமிர முடியாது. மூடிக்கல் தலையை முன்னால் தள்ளும். நீளம், அகலம், கற்களின் தடிமன் எல்லாவற்றையும் எழுதினேன். துளையின் விட்டத்தை உள்ளிருந்து அளக்கத் திரும்பியபோது, வெளியே நின்றிருந்த உதவியாளர் என்ன ஆச்சு என்று குனிந்து பார்த்தார். அவர் தலையால் துளை முழுவதும் அடைபட்டது. அவ்வளவுதான். "தள்ளி நில்லுங்க" என்று நான் சொன்னது எனக்கே அந்நியக் குரலாகக் கேட்டது. வெளியே வந்து அட்டையைப் பார்த்தால் துளையின் விட்டத்தை மட்டும் எழுதவில்லை. அதை வெளியிலிருந்து அளந்துகொண்டேன்.

அம்மா ஒரு விடியற்காலையில், வீட்டில், முன்கதவு திறந்திருக்க இறந்தாள். அது அவள் விரும்பியபடி நடந்தது. அதன்பிறகு எதுவும் என் கையில் இல்லை.

முதலில் ஐஸ் பெட்டி வந்தது. தம்பி ஓசூரிலிருந்து வந்து சேர வேண்டும், வெயில் காலம், வேறு வழியில்லை என்றார்கள். "பெட்டி வேண்டாம்" என்று ஒருமுறை சொன்னேன். பெரியப்பா, அப்பாவின் அண்ணன், என்னைப் பரிவோடு பார்த்து, "துக்கத்துல அப்பிடித்தான் தோணும் பாப்பா" என்றார். கண்ணாடி மூடியை இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். மூடியின் உள்பக்கம் நீர் முத்து கட்ட ஆரம்பித்தது. நான் துணியை எடுத்துத் துடைத்தேன். நீர் உள்பக்கம் என்பது தெரிந்தும் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்து வைக்க முடியாது. பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்து போகவும் முடியாது. மூத்த மகள், வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழ ஓர் ஆள் வேண்டும். என் கழுத்தில் யாராவது விழுந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் தோளுக்கு மேலாக, வாசலில் பெரியப்பா குழி வெட்ட ஆள் அனுப்புவதைப் பார்த்தேன்.

ஆண்கள் உட்கார்ந்து பேசும் பந்தலுக்குப் பெண்கள் போய்ப் பேசுவது எங்கள் பக்கம் இல்லை. போனேன்.

"அம்மா எரிக்கச் சொல்லியிருக்காங்க."

பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

"யாருகிட்டச் சொன்னா?" என்றார் பெரியப்பா.

"எங்கிட்ட."

"நம்ம வகையில யாரையும் எரிச்சதில்ல. உங்க தாத்தா, அதுக்கு முந்துன தாத்தா, எல்லாம் நம்ம காட்டுலதான் படுத்திருக்காங்க. உங்கம்மாவுக்கு மட்டும் என்னா தனியா?"

"அவங்க கேட்டாங்க பெரியப்பா."

"எதுக்குக் கேட்டா? அதச் சொல்லு."

அதைத்தான் சொல்லக் கூடாது. அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைச் சரியாகக் கணித்திருந்தாள்.

எங்கள் வழக்கத்தில் ஒரு சந்து இருந்தது, அதை நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வர வேண்டும். அண்ணனோ தம்பியோ அதைப் போர்த்தி, "எடுங்க" என்று சொன்னால்தான் உடலை எடுப்பார்கள். அதுவரை பெரியப்பா என்ன, ஊரே கூடி நின்றாலும் தொட முடியாது. நான் மாமாவுக்குக் காத்திருந்தேன்.

மாமா கோடியோடு வந்தார். தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தார். அழுது ஓய்ந்ததும் அவரைக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எரிக்கச் சொன்னாளா?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அனல் பட்டாலே அடுப்படிய விட்டு ஓடுவாளே, இவளா?"

"ஆமாங்க மாமா."

"கிறுக்கச்சி." மறுபடி அழ ஆரம்பித்தார். பிறகு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போய், "எந்தங்கச்சி இத்தன வருசத்துல எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இது ஒண்ணு கேட்டிருக்கா. எரிக்கறதுன்னா எடுங்க. குழின்னா நான் கோடியோட இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார்.

பெரியப்பா, "மச்சான் வந்ததும் சட்டம் மாறுது" என்றார். யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

எரிப்பதென்றால் எங்கே? ஊரில் எங்களுக்கு இருப்பது புதைக்கும் காடுதான். அதற்குள் வந்துவிட்டிருந்த தம்பி, போனில் தேடி, "தருமபுரியில கேஸ்ல வெக்கறாங்க. போன உடனே முடிஞ்சுடும், புகை கிடையாது" என்றான். விறகு, வரட்டி, இடம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது. எனக்கும்தான். மனதுக்குள் இருந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்திருந்த 'குழி' என்ற வரியை அடித்தேன்.

சொர்க்க ரதம் என்று எழுதிய வண்டி புறப்பட்டது. பெண்கள் தெருமுனைவரை. அங்கே நின்று, தலையில் அடித்துக்கொண்டு, திரும்ப வேண்டும். வண்டிக்குப் பின்னால் போகலாமா என்று நான் கேட்கக்கூட இல்லை. அன்று ஏற்கனவே ஒன்று கேட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கூடத்தைக் கழுவ ஆரம்பித்தார்கள்.

வாசலில் ஐஸ் பெட்டிக்காரர் பெட்டியை மினி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். காலிப் பெட்டிதான். மூடியை வைத்து, பக்கத்துக் கொக்கியைத் தட்டினார். டக்கென்று பூட்டிக்கொண்டது.

நான் துடைப்பத்தோடு நின்றுவிட்டேன்.

பாலிடெக்னிக் முடித்த புதிதில் வேலை பார்த்த அலுவலகத்தில், வேறொரு ஊருக்கான எரிவாயு தகன மேடையின் வரைபடத்தை நான் திருத்தியிருக்கிறேன். இடத்தின் அளவு, புகைபோக்கியின் உயரம், உலை. உலை என்பது ஓர் அறை. நான்கு பக்கமும் தீச்செங்கல், மேலே வளைவு, முன்னால் மேலும் கீழும் போகும் இரும்புக் கதவு. உடலைத் தள்ளுவண்டியில் உள்ளே தள்ளி, கதவை இறக்கிவிட்டுத்தான் தீயைத் திறப்பார்கள். அந்தக் கதவை என் கையால் வரைந்திருந்தேன். அம்மா 'எரிச்சுடுங்க' என்று சொன்ன நாளிலிருந்து குழி, தீ என்று இரண்டே இரண்டைத்தான் நான் எதிரெதிரே வைத்துப் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கொள்ளிச்சட்டி ஏந்தியவன், மேலே சட்டை இல்லை, போன் எந்தச் சட்டையில் யாரிடம் இருக்கிறதோ. மாமாவுக்கு அடித்தேன். கூடத்து அலமாரியில் சேவல் கூவியது. மாமாவின் ரிங்டோன் அது. வந்தவுடன் சார்ஜ் போட்டவர் எடுக்காமல் போய்விட்டார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை, மாமாவின் மனைவி, "இந்தச் சனியன அமத்துங்களேன்" என்றாள். அப்பாவிடம் போனே கிடையாது.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க கண்ணு? தீட்டு வூட்ட விட்டு நீ வெளிய போவக் கூடாது. பொட்டப்புள்ள சுடுகாட்டுக்கு வரவும் கூடாது." அவள் பிடி அன்பாகத்தான் இருந்தது. அவளைச் சுற்றி இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி என் தலையைத் தடவினாள். இன்னொருத்தி பின்கதவைச் சாத்தித் தாழிட்டாள், நாய் வரும் என்று. ஸ்கூட்டரில் போனாலும் வண்டியைப் பிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சாவியை விடவில்லை.

மிச்சம் இருந்த எண் பெரியப்பாவுடையது.

முதல் மணியிலேயே எடுத்தார். "என்னாம்மா, மறுபடியும் என்னா?"

"மாமாகிட்டக் குடுங்க பெரியப்பா."

"இப்பத்தான் எறங்கறோம். உம்மாமன் முன்னால போயிட்டாரு. எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லு."

"மாமாகிட்டத்தான் சொல்லணும். தயவுசெஞ்சு."

என் குரலில் எதுவோ இருந்திருக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே நடப்பது கேட்டது. சங்கு ஊதும் சத்தம் பக்கத்தில் வந்தது. பிறகு மாமா.

"சொல்லு பாப்பா."

"மாமா, அங்க இரும்புக் கதவு ஒண்ணு இருக்குதுங்களா? உள்ள தள்ளுற எடத்துல?"

"இருக்குது. ஷட்டராட்டம்."

"அம்மாவ உள்ள வெச்சு அத எறக்கிடுவாங்க மாமா."

"மூடாம எப்பிடிம்மா எரியும்?"

என்னைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் சொல்ல வேண்டாம் என்றிருந்தாள் அம்மா. சொல்லாமல் இதை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"மூடக் கூடாதுன்னுதான் அம்மா எரிக்கச் சொன்னதே. அன்னிக்குப் பாண்டவர் வூட்டுக்குள்ள அவங்க அழாம இருந்தது தைரியத்துல இல்லீங்க மாமா. அழுதா காத்து தீந்துடும்னு அழாம இருந்தாங்க. எங்கிட்டச் சொன்னாங்க."

மறுபக்கம் மோட்டார் ஓடும் இரைச்சலும், யாரோ யாரையோ ஒதுங்கச் சொல்வதும் கேட்டன. நான் இரண்டுமுறை "மாமா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "போன் என்னுது, குடு மச்சான்" என்று பெரியப்பாவின் குரல் கேட்டு, இணைப்பு அறுந்தது.

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

அத்தை என் கையை விட்டாள். கழுவிய தரையில் விளக்கை வைத்தார்கள். நான் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அங்கேதான் என்னை உட்காரவைத்தார்கள். அங்கே நடக்கக்கூடியவை எவை என்று எண்ணிப் பார்த்தேன். மாமா சொல்லியும் ஆட்கள் கேட்காமல் போவது. மாமாவே சொல்லாமல் விடுவது. எல்லாம் ஏற்கனவே முடிந்திருப்பது. கதவு பாதி இறங்கிய நிலையில் யாராவது கையைத் தூக்குவது. ஒவ்வொன்றையும் கடைசிவரை யோசித்து, அடுத்ததற்குப் போனேன். எதையும் அடிக்க முடியவில்லை. சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது. உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது.

புகை இல்லை, உடனே முடிந்துவிடும் என்று தம்பி சொல்லியிருந்தான். வெயில் தாழ்ந்தும் அவர்கள் வரவில்லை. நேரம் ஆக ஆகத்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஈரத் தலையோடு வந்தார்கள். தம்பியின் புருவத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது. அவன்தான் சொன்னான்.

மாமா போனைக் கொடுத்துவிட்டு நேராகக் கதவுக்குப் போயிருக்கிறார். அங்கே வேலை பார்ப்பவரிடம் அதைத் தூக்கச் சொல்லி, குனிந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்திருக்கிறார். "எதோ தொலச்சவராட்டம் பாத்துட்டே இருந்தாரு" என்றான் தம்பி. பிறகு நிமிர்ந்து, வேண்டாம் என்றிருக்கிறார். அதே வளாகத்தின் பின்பக்கம் பழைய விறகு மேடை ஒன்று இருக்கிறது. நாலு தூண், மேலே தகரம், சுவர் கிடையாது. கேஸ் வந்தபிறகு யாரும் அதிகம் கேட்பதில்லை. அங்கே வைக்கச் சொல்லியிருக்கிறார். விறகு இல்லை. பெரியப்பா, இந்தக் குடும்பத்தில் எவனுக்கும் ஒரு பேச்சு கிடையாது என்று சத்தம் போட்டிருக்கிறார். சத்தம் போட்டுவிட்டு, வண்டி பிடித்து விறகுக்குப் போனதும் அவர்தான்.

"நல்லா எரிஞ்சுச்சா?" என்று கேட்டேன்.

"காத்து நல்லா அடிச்சுது" என்றான்.

மாமா கூடத்துக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடி அலமாரியிலிருந்த போனை எடுத்துவரச் சொல்லி வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

பால் ஊற்றிய நாளில் எலும்பு பொறுக்கினார்கள். சின்ன மண்பானையில் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தார்கள். ஒகேனக்கல்லில் கரைக்க வேன் பிடித்தோம். ஆற்றுக்குப் பெண்கள் வரலாம் என்று சொன்னார்கள், அதனால் நானும் போனேன். தம்பி முன் சீட்டில் அப்பாவோடு. பானை மாமாவின் மடியில். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பக்கத்தில் நான். வெளியே திறந்த இடத்தில் வைத்து, எலும்பை மட்டும் பொறுக்கிப் பானையில் போட்டு எடுத்துப்போகிறோம். அம்மாவுக்கு இது பிடித்திருக்கும் என்று தோன்றியது. மாமாவிடம் சொல்லவில்லை.

பென்னாகரம் தாண்டியபிறகு மாமா பேசினார். பானையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"அந்தக் குட்டி செத்துப் போச்சு பாப்பா. நான் கல்ல நகத்தறப்பவே செத்துதான் இருந்துச்சு. இவ அத மடியில வெச்சுத் தடவிட்டு இருந்தா. சிரிக்கற கதையில அது எதுக்குன்னு நான் சொல்றதில்ல."

வேன் ஒரு வளைவில் திரும்பியது. அவர் பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பயத்துல செத்துருக்கும். சின்னக் குட்டிதான" என்றார். "இல்ல, அவ எதாச்சும் சொன்னாளா?"

வேப்பமரத்தடியில் அம்மா சோற்றின் மேல் குழம்பை ஊற்றிய கை என் கண்முன் இருந்தது.

"ஒண்ணும் சொல்லலைங்க மாமா" என்றேன். "பயத்துலதான் இருக்கும்."

அவர் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போனபின், யாரையும் கேட்காமல், பானையின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். முடிச்சு இறுக்கமாக இருந்தது. நகத்தால் நெண்டி அவிழ்த்தார். ஜன்னல் காற்றில் மேலாக இருந்த சாம்பல் லேசாக எழும்பியது. சட்டென்று உள்ளங்கையால் பானையின் வாயைப் பொத்தினார். பொத்திய கையை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைப் பாதி ஏற்றிவிட்டு, திறந்த பானையை மடியில் அசையாமல் பிடித்தபடி ஆறுவரை வந்தார்.